மாதவரத்தில் கைகொடுத்த அண்ணனுக்கு நன்றி

பெயரைக்கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்ட அந்த டிரெய்லர் டிரைவர் அண்ணனுக்கு மனசார நன்றி. மாதவரம் ரவுண்டானா பக்கம் அப்பாவின் பழைய லேலண்ட் லாரி பின்சக்கரத்தில் எண்ணெய் வழிய நின்றபோது, நாங்கள் கேட்காமலே ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆக்சிலை உருவி பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே உரசிப் பிடிக்கும் லைனிங் முழுக்க கியர் ஆயில், அதைத் துடைத்துப் போட அவர் விடவே இல்லை, பிரேக் பிடிக்காது என்று புதுசு மாட்ட வைத்தார். அப்புறம் எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் சீல் உட்காரும் வளையத்தை நகத்தால் தடவி, "இங்க பள்ளம் விழுந்திருக்கு தம்பி, சீல் மட்டும் மாத்தினா மறுபடியும் ஒழுகும்" என்றார். சரி என்று வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டையில் வளையமும் சேர்த்தே வாங்கிவந்தோம். பேரிங்கை டீசலில் கழுவி, உலர்த்தி, உள்ளங்கையில் கிரீஸ் வைத்து உருளைகளுக்கு நடுவே மறுபக்கம் பிதுங்கும்வரை அழுத்தினார், அந்தப் பொறுமையை நான் எந்த ஷெட்டிலும் பார்த்ததில்லை. சக்கரத்தின் நடுப்பாகமான ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, ஆட்டமும் இல்லை இறுக்கமும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் நட்டு கழலாமல் பிடிக்கும் லாக் வாஷரை மடக்கினார். காசு வாங்கவில்லை. அவரைத் தெரிந்தவர்கள் இருந்தால், வண்டி ஒரு சொட்டுகூட ஒழுகாமல் ஓடுகிறது, அப்பா ரொம்ப விசாரித்தார் என்று சொல்லிவிடுங்கள்.