தவளைக்கு ஒரு கடிதம்

பரந்தன்,
ஆவணி 10

அன்பின் தவளை,

கடைசியாக எழுதியது சித்திரையில். நீ இரண்டு தரம் கேட்டும் பதில் போடாதது என் பிழைதான். திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு. வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் பழையபடிதான். மூத்தவளுக்கு இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. புத்தகத்தைத் தவிர மற்ற எல்லாம் படிக்கிறாள். சிறுபோகம் முடிகிற நேரம் என்பதால் எரிந்த மோட்டர் எல்லாம் ஒன்றாகக் கடைக்கு வருகிறது. சரி, அது கிடக்கட்டும்.

மாசியில் உங்கள் கொழும்புக் கடலில் நடக்கிற போட்டிக்குப் பெயர் கொடுத்துப்போட்டேன். சிரிக்காதே. 2018இல் அயர்ன்மேன் 70.3 கொழும்புக்கு வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, ‘இது மனிசர் செய்கிற வேலை இல்லை மச்சான்’ என்று போன் எடுத்தாயே, அதே தூரம். 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். நடுவில் குந்தியிருந்து தேத்தண்ணி குடிக்க விடமாட்டார்கள். 70.3 என்பது மூன்றையும் கூட்டிய மைல் கணக்காம். மைலில் சொன்னால் கொஞ்சம் குறைவாகத் தெரிகிறது, அதுதான் எனக்கு ஆறுதல். சொத்தியனுக்குச் சொன்னேன். காப்புறுதி கட்டிவிட்டாயா என்று மட்டும் கேட்டான்.

ஓட்டம் பிரச்சினை இல்லை. வாய்க்கால் கரையால் 16 கிலோமீற்றர் ஓடி முடித்தேன். நாய்கள்தான் எனக்குப் பயிற்சியாளர். சைக்கிள் பாவித்தது, ஆனால் நல்ல சாமான். ஞாயிறு விடிய நாலரைக்குப் பரந்தனில் ஏறினால் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, பிறகு முல்லைத்தீவு. ஐம்பது கிலோமீற்றர் சொச்சம். விசுவமடுப் பக்கம் பாதி றோட்டில் நெல் காயப்போட்டிருக்கிறார்கள். சோளகக் காற்று பக்கவாட்டில் தள்ள, மற்றப் பாதியில் எதிரே லொறி வர, நெல்லுக்குள் இறங்கி ஒரு ஆச்சியிடம் வாங்கிக் கட்டிய கதையை நேரில் சொல்கிறேன்.

இந்த றோட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சண்டை நேரம் அப்பாவின் லுமாலா சைக்கிளில் நெல்மூட்டையும் தறப்பாளும் கட்டி உருட்டிக்கொண்டு இதே வழியால்தான் போனோம். 2008 மார்கழியில் பரந்தனை விட்டோம், முள்ளிவாய்க்காலுக்குப் போய்ச் சேர மாதக்கணக்கு. இப்போது அதே தூரத்துக்கு இரண்டு மணித்தியாலம் பிடிப்பதில்லை. அந்த இடம் வந்ததும் மிதிக்காமல் உருளவிடுகிறேன். கால் தானாகவே நின்றுவிடுகிறது. வட்டுவாகல் பாலம் தாண்டித்தான் திரும்ப மிதிக்க வருகிறது. சராசரி வேகம் கெட்டுப்போகிறது, கெடட்டும்.

என்னைத் தின்பது நீச்சல்தான். நீ குளத்தில் மூன்று சுற்று அடிக்கும்போது கரையில் உடுப்புக்குக் காவல் இருந்தவன் நான். இப்போது முகத்தைத் தண்ணிக்குள் வைத்து, மூன்று கைவீச்சுக்கு ஒருமுறை மூச்செடுத்து, ஒழுங்காக நீந்துகிறேன். இரணைமடுக் குளத்தில் 1.9 கிலோமீற்றரை 56 நிமிடத்தில் முடித்தேன். போட்டியில் கொடுப்பது ஒரு மணித்தியாலம் பத்து நிமிடம். அதைத் தாண்டினால் சைக்கிளைத் தொட விடமாட்டார்கள். முதலை இருக்கிறது என்று பெடியள் கத்துவது வேகத்துக்கு நல்லது.

குளம் வேறு, கடல் வேறு. அம்மாவிடம் குளத்தில் மட்டும் என்றுதான் சொல்லியிருந்தேன். உன் ஆள் ஆழிக்குமரன் ஆனந்தனைச் சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். 1971இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்திப்போய்த் திரும்பி வந்தவர், 51 மணித்தியாலம் அம்மா, நான் நீந்தப்போவது ஒரு மணித்தியாலம் என்றேன். ‘அந்தப் பிள்ளையும் 84இல் தண்ணியில்தானே போனது’ என்றுவிட்டு வெங்காயம் உரிக்கத் தொடங்கிவிட்டார்.

பெரியம்மா வீட்டுக் கதை உனக்குத் தெரியும். 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு அம்மா கடலைப் பார்ப்பதில்லை. 2009இல் கடற்கரையிலேயே தறப்பாளுக்குள் கிடந்த நாட்களிலும் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் படுத்தார்.

போன ஞாயிறு இறங்கிவிட்டேன். முல்லைத்தீவில், மீன்வாடிகளுக்குச் சற்றுத் தள்ளி. கரைவலைக்காரர் ஒருவர், ‘தம்பி, என்னத்தைத் தொலைச்சனீர்?’ என்று கேட்டார். முதல் நூறு மீற்றர் நல்லாகத்தான் இருந்தது, உப்புத்தண்ணி தூக்கிக் கொடுக்கிறது. குளத்தில் ஒற்றைப் பனையைக் குறிவைத்து நீந்துவேன். இங்கே தலையைத் தூக்கினால் தண்ணி, பிறகும் தண்ணி. கீழே மணல் தெரிந்துகொண்டிருந்தது, ஒரு கைவீச்சில் இல்லாமல் போனது. வயிற்றுக்குக் கீழே குளிர்ந்தது. மூச்சுத் தட்டி, வாய் நிறைய உப்பு. மச்சான், அந்த நேரம் பெரியம்மாவின் முகம் வந்தது. மூச்சுத் தட்டினால் மல்லாந்து படு என்று நீ முப்பது வருடத்துக்கு முதல் சொன்னது பிறகுதான் வந்தது. படுத்து வானத்தைப் பார்த்து நாற்பது எண்ணினேன். மெதுவாகத் திரும்பி வந்தேன். கரையில் கை நடுங்கியதில் சப்பாத்து நாடா கட்ட முடியவில்லை. ஐம்பது கிலோமீற்றர் வீட்டுக்கு மிதிக்க வேறு இருந்தது.

வீட்டில் வாயே திறக்கவில்லை. துவாயைக் கிணற்றடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். அம்மா அதை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனதைப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு தரம் அலசிக் கொடியில் போட்டார். அன்று மத்தியானம் மீன் குழம்பு வைக்கவில்லை. இன்றுவரை வைக்கவில்லை.

ஐப்பசியில் மழை தொடங்கினால் எங்கள் பக்கக் கடல் குழம்பிவிடும். எனக்கு இருப்பது ஆறு, ஏழு ஞாயிறுதான். கட்டிய காசு திரும்பாது, அதை விடு. பயத்தோடு மாசிக்கு வந்தால் அங்கேயும் மல்லாந்து படுத்து எண்ணிக்கொண்டுதான் கிடப்பேன். லீவு போட்டு ஒரு சனிக்கிழமை இரவுத் தபால் ரெயிலில் வந்து இறங்கு. நீ எனக்குப் பக்கத்தில் நீந்தினால் காணும், கரைக்குக் கிட்டவாக, ஐந்நூறு மீற்றர்.

ஆனால் அதற்கு முதல் அம்மாவிடம் நீ பேசவேண்டும். உன் பேச்சை எடுப்பார். என்னிடம் கேட்காததை உன்னிடம் கேட்பார் என்றும் நினைக்கிறேன். கேட்டால் பொய் சொல்லாதே. வரும்போது ஒரு நல்ல நீச்சல் கண்ணாடி வாங்கி வா, என்னுடையது இடது பக்கம் ஒழுகுகிறது. காசு தருவேன். பழைய கடனையும் சேர்த்துக் கேட்காதே.

உன்,
உடுப்புக் காவலாளி