பழைய கத்திக்கு மெருகு போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வீட்டுக் குறிப்புகள் பகுதியில், தாத்தா பாட்டி காலத்துக் கத்தியைப் பட்டறையில் கொடுத்து மெருகு போட்டால் புதுசு போல மின்னும் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். அதே நல்ல எண்ணத்தில் நானும் ஒரு கத்தியைக் கொடுத்தேன். திரும்பி வந்ததைப் பார்த்து அன்று அழுதுவிட்டேன். வேறு யாருக்கும் அப்படி நேரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் தாத்தா புத்தக பைண்டர். தோல் அட்டை போடும்போது, உள்ளே மடிக்கும் ஓரத்தைக் காகிதம் போல மெலிதாகச் சீவ வேண்டும். இல்லாவிட்டால் மூலையெல்லாம் தடித்து நிற்கும். அந்தச் சீவலுக்கென்று தாத்தா தனியாக ஒரு கத்தி வைத்திருந்தார். ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம். மரப்பிடி கிடையாது, பிடிக்கும் இடத்தில் தோல் வாரைச் சுற்றியிருந்தார். ஒரு பக்கம் முழுத் தட்டை. மறுபக்கம் மட்டும் சரிவாகத் தீட்டியிருக்கும். தட்டைப் பக்கம் தோலின் மேல் படிந்து ஓட, சரிவு மேலே பார்த்தபடி இருக்க வேண்டும். அதனால் இந்த வகைக் கத்தி கைக்குத் தகுந்தாற்போல் மாறும். வலக்கைக்காரர் கத்தி இடக்கைக்காரருக்கு ஒத்து வராது.

தாத்தா இடக்கைக்காரர். வீட்டில் அவருக்குப் பிறகு இடக்கை எனக்குத்தான். சாமான்களைப் பங்கு போட்டபோது யாரும் கேட்காமல் துணியில் சுற்றிக் கிடந்த அந்தக் கத்தியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் தடவை கையில் எடுத்தபோது கட்டைவிரல் தானாக ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. வியர்வையில் கறுத்துக் கெட்டியான தோல் வாரில் தாத்தாவின் விரல் அழுத்தி அழுத்தி உண்டான பள்ளம் அது. அலகின் அடியில், தன் கத்தி என்று தெரிய அவர் குத்தி வைத்த மூன்று புள்ளிகள் இருந்தன.

அலகு கறுத்திருந்தது. அங்கங்கே கொஞ்சம் துரு. சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில் மெருகு போடும் இடத்தில் கொடுத்தேன். அங்கே இருந்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். ‘புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்கள்’ என்று கேட்டது நான்தான். அவரும் ஆக்கிக் கொடுத்தார். மூன்று புள்ளிகள் போய்விட்டன. பழைய தோல் வாரைப் பிரித்துக் குப்பையில் போட்டிருந்தார். தட்டைப் பக்கத்திலும் ஒரு சரிவு வந்திருந்தது. கூர் விளிம்பை ஒட்டி, புறாக் கழுத்து மாதிரி ஒரு நீலக் கோடு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. தோலில் வைத்தால் நாலு இழுப்பில் மழுங்கியது.

அந்த நீலம் என்னவென்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கத்தி இரும்பைச் சிவக்கக் காய்ச்சித் துவைச்சல் போடும்போது, அதாவது சட்டென்று முக்கிக் குளிர வைக்கும்போது, அது கண்ணாடி போலக் கெட்டியாகிறது, அடித்தால் உடையவும் உடையும். அந்த உடைச்சலைக் குறைக்க மறுபடி சுமார் 200 டிகிரிக்கு மட்டும் சூடாக்குவார்கள். வேகமாகச் சுற்றும் உலர் சக்கரத்தில் கூர் விளிம்பை அழுத்தினால், மெலிந்த இடம் என்பதால், கண்மூடித் திறப்பதற்குள் சூடு அதைத் தாண்டிவிடும். நீலம் தெரிந்தால் சுமார் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் இரும்பு இளகிவிட்டது. அப்புறம் தண்ணீரில் முக்கினாலும் பழைய கெட்டி வராது. ஓர் அரத்தை வைத்து லேசாக உரசிப் பார்க்கலாம்: கெட்டியான இடத்தில் அரம் வழுக்கும், இளகிய இடத்தில் கடிக்கும். என் கத்தியில் கடித்தது.

எவர்சில்வர் போல மின்ன வேண்டும் என்று நினைத்ததே தவறு. எவர்சில்வர் என்கிற துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்ற உலோக ஆய்வாளர் அப்படி ஓர் எஃகை உருக்கியதே 1913-இல்தான். தாத்தாவின் கத்தி வெறும் கார்பன் எஃகு, மெருகு போட்ட மறு வாரமே அதில் மறுபடி துரு எட்டிப் பார்த்தது. முன்பு அதன் மேல் இருந்த கருஞ்சாம்பல் நிறமும் இரும்பு ஆக்ஸைடுதான். ஆனால் அது அலகோடு ஒட்டிக்கொண்டு ஓரளவு காவலாக இருக்கும். உதிர்கிற செந்துரு வேறு, அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளே தின்னும். செந்துருவை மட்டும் கொஞ்சம் எண்ணெயும் மெல்லிய இரும்பு நாரும் வைத்துத் தேய்த்து எடுத்திருக்கலாம். கறுப்பை நான் தொட்டிருக்கவே கூடாது.

பரண்மேல் எடுத்து வைக்கிற கத்திக்குச் சமையல் எண்ணெய் தடவாதீர்கள், நாளானால் பிசுக்காக ஒட்டும். தையல் மெஷின் எண்ணெய் போதும். தோல் உறையில் போட்டு மூடியும் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுக்கும். தாத்தா எண்ணெய்த் துணியில்தான் சுற்றி வைத்தார். அதன் காரணம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் போடுங்கள். பழைய கத்தியைச் சாணை பிடிக்கக் கொடுப்பவர்கள், ‘உலர் சக்கரம் வேண்டாம், தண்ணீர் விட்டுக் கல்லில் தீட்டுங்கள், எந்தப் பக்கம் சரிவு இருக்கிறதோ அந்தப் பக்கம் மட்டும்’ என்று சொல்லிக் கொடுக்கட்டும். அதற்கு முன்னால் அலகில் எழுத்தோ புள்ளியோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கட்டும். வீட்டில் அந்தக் கத்தியை அறிந்த பெரியவர் யாராவது இருந்தால், யார் வைத்திருந்தது, எந்தக் கை, என்ன வேலைக்கு என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வைக்கட்டும். எங்கள் வீட்டில் அப்படி எழுதி வைத்திருந்தால் தட்டைப் பக்கத்தைத் தொட வேண்டாம் என்றாவது நான் சொல்லி அனுப்பியிருப்பேன்.

நான்கு மாதமாக ராத்திரி அரைமணி நேரம் தண்ணீர்க் கல்லில் உட்காருகிறேன். நீலம் இருந்த இடம் முழுவதும் தேய்ந்து போய்விட்டது, அகலத்தில் ஒரு நூல் குறைந்திருக்கும். இப்போது அரம் வழுக்குகிறது. தட்டைப் பக்கம் இன்னும் முழுசாகக் கல்லோடு சேரவில்லை, படுக்க வைத்துப் பார்த்தால் முனையருகே நகக்கண் அளவு வெளிச்சம் தெரிகிறது. தோல் வார் புதிதாகச் சுற்றியாகிவிட்டது. அதில் கட்டைவிரல் பள்ளம் இன்னும் விழவில்லை.

இப்படிக்கு,
ஒரு பைண்டரின் பேத்தி