போகும் நேரம் தெரிகிறது, திரும்பி வரும் முறை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மின் தட்டுப்பாடு பற்றிய செய்திகள் எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் வெட்டு என்பதோடு நின்றுவிடுகின்றன. நிறுத்திய மின்சாரத்தைத் திரும்பக் கொடுக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் பியூஸ் போவதும் டிரான்ஸ்பார்மர் எரிவதும் அதிகம்.

பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் பம்புசெட்டுகளில் ஆட்டோ ஸ்டார்ட்டர் சாதாரணம். மும்முனை மின்சாரம் வந்தவுடன் மோட்டார் தானாகக் கிளம்பிவிடும். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் முழுத் திறன் தாழ்வழுத்தப் பக்கத்தில் சுமார் 133 ஆம்பியர். 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 7.5 ஆம்பியர் இழுக்கும். பத்து மோட்டார் ஓடினாலும் 75தான். ஆனால் கிளம்பும் நொடியில் ஒவ்வொன்றும் ஆறு மடங்கு, அதாவது 45 ஆம்பியர் கேட்கும். பத்தும் ஒன்றாகக் கிளம்பினால் 450. வோல்டேஜ் சரிகிறது, மோட்டார் வேகம் எடுக்க முடியாமல் முனகுகிறது, அதனால் அந்த அதிக கரண்டே நீடிக்கிறது. பியூஸ் போகிறது. பிறகு யாராவது இரண்டு மூன்று கம்பியை முறுக்கிப் போடுவார்கள். அடுத்த முறை பியூஸுக்குப் பதில் டிரான்ஸ்பார்மரின் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருள்) போகும்.

இதற்கு மருந்து ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒரு டைமர். முதல் மோட்டாருக்கு 20 நொடி, அடுத்ததற்கு 40, அதற்கடுத்து 60 என்று ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ளவர்கள் பேசி வைத்துக்கொண்டால் மூன்றரை நிமிடத்துக்குள் பத்தும் ஓடும். எல்லாரும் ஒரே நேரத்தை வைத்தால் டைமரால் பயனில்லை. துணை மின் நிலையத்திலும் ஃபீடர்களை (அங்கிருந்து ஊர்களுக்குப் பிரியும் மின்பாதைகளை) இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் போட வேண்டும். சுமை அதிகமுள்ள ஃபீடரை ஏ.பி. சுவிட்ச் (கம்பத்தில் உள்ள, மின்பாதையைத் துண்டிக்கும் சுவிட்ச்) மூலம் பகுதி பகுதியாக ஏற்ற வேண்டும்.

அடுத்து, எந்த நேரத்தில் வெட்டுவது? நிலக்கரி கையிருப்பு குறைந்தால் எப்போது நிறுத்தினாலும் ஓரளவு மிச்சம். சூரிய மின்சாரம் அடங்கிய பின் வரும் மாலைத் தட்டுப்பாடு வேறு. அதற்காக மதியம் வெட்டினால் லாபமில்லை, மதியத்து மின்சாரத்தை மாலைக்கு எடுத்து வைக்கப் போதிய இடமில்லை. மாலை 5 முதல் 7 வரை வெட்டினால் இன்னும் மோசம். இரண்டு விசிறி, நாலு விளக்கு என்று 200 வாட்டில் இரண்டு மணி நேரம் ஓடிய இன்வெர்ட்டர் பேட்டரி 400 வாட்-மணி கொடுத்திருக்கும். திரும்ப ஏற 500-க்கு மேல் வாங்கும். அந்தச் சுமை சரியாக 7 மணிக்கு, உச்ச நேரத்தில் வந்து உட்காரும். இன்வெர்ட்டர் நிறைந்த தெருவில் வெட்டின் மிச்சம் காகிதத்தில்தான்.

ஊராட்சிக் குடிநீர்த் தொட்டிகளுக்குத் தனிக் கணக்கு வேண்டும். 60,000 லிட்டர் தொட்டியை நிமிடத்துக்கு 300 லிட்டர் ஏற்றும் மோட்டார் நிரப்ப 3 மணி 20 நிமிடம் ஆகும். விடிகாலை வெட்டு என்றால் முந்தைய இரவே ஏற்றியாக வேண்டும். தொட்டி இயக்குபவருக்கு அட்டவணை முதல் நாளே தெரிய வேண்டும். கடலூர் துறைமுகத்து ஐஸ் கம்பெனிகளுக்கோ துண்டு துண்டான வெட்டுதான் எதிரி. உப்புநீர்த் தொட்டி குளிரைப் பிடித்து வைத்திருப்பதால் ஒரே தடவையாக இரண்டு மணி நேரத்தைச் சமாளிக்கலாம். அரை மணியாக நாலு தடவை போனால், ஒவ்வொரு முறையும் அழுத்தம் இறங்கக் காத்திருந்து கம்ப்ரஸரை மறுபடி கிளப்ப வேண்டியிருக்கும்.

‘நெய்வேலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நமக்கு ஏன் வெட்டு?’ என்று இங்கே கேட்காதவர் குறைவு. நெய்வேலி மின்சாரம் தென் மாநிலங்களுக்குப் பங்கிட்டுத் தரப்படுகிறது, புதுச்சேரிக்கும் அதில் பங்குண்டு. தட்டுப்பாட்டைத் தூரத்தை வைத்து அளப்பதில்லை. கிரிட்டின் (எல்லா மின் நிலையங்களையும் இணைக்கும் மின் தொகுப்பின்) அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து மிகவும் இறங்கினால் ரிலே என்னும் பாதுகாப்புக் கருவி தானாகவே ஃபீடரைத் திறந்துவிடும். அப்போது அட்டவணையும் செல்லாது. அந்த நேரத்தில் துணை மின் நிலையத்துக்குப் போன் போட்டுத் திட்டுவதில் பயனில்லை. மேலிருந்து அனுமதி வராமல் அவர்கள் போட முடியாது.

அறிவிப்புகளில் நாலு ஊர்ப் பெயரைப் போட்டு ‘அதைச் சுற்றியுள்ள பகுதிகள்’ என்று முடிப்பதை விட வேண்டும். ஒரே தெருவின் இரு முனைகள் இரு ஃபீடரில் இருப்பதுண்டு. ஃபீடரின் பெயரை ஒவ்வொரு டிரான்ஸ்பார்மர் கம்பத்திலும் எழுதி, அதே பெயரில் அட்டவணை வெளியிட்டால், தன் வீட்டுக்கு எப்போது போகும், எப்போது வரும் என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். பெயிண்ட் செலவு மட்டும்தான்.

– மின்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.