ஒரு பவுன் கணக்கு கேட்ட அக்காவுக்கு

அக்கா,

போன ஞாயித்துக்கிழமை போன்ல "வருஷா வருஷம் காஷ்மீர் போய் பனில சறுக்குறேன்னு அழுற காசுக்கு ஒரு பவுன் வாங்கிப் போட்டிருக்கலாம்ல, அப்படி அந்த பனில என்னதான்டி இருக்கு"ன்னு கேட்டியே, எனக்கு சட்டுன்னு பதில் வரல. கேக்குற உரிமை உனக்கு இருக்கு. 2023ல முட்டி ஜவ்வு கிழிஞ்சு வந்து படுத்தப்போ ஆறு வாரம் கை பிடிச்சு பாத்ரூம் கூட்டிட்டு போனது நீதான். அதான் உக்காந்து எழுதுறேன், என்ன மாதிரி வீட்ல திட்டு வாங்குறவங்க வேற யாரும் படிச்சாலும் படிக்கட்டும்னு இங்கயே போடுறேன்.

செலவுல நீ சொல்றது எல்லாம் சரிதான். சென்னைலேருந்து டெல்லி, அங்கேருந்து ஸ்ரீநகர், அப்புறம் தங்மார்க்ல டயருக்கு சங்கிலி மாட்டுன வண்டி பிடிச்சு குல்மார்க், ரூம் வாடகை, ஸ்கீ (கால்ல மாட்டி சறுக்குற நீளப் பலகை) வாடகை, வாத்தியார் கூலி. பனி கொட்டுனா ஃப்ளைட் கேன்சல், பனி இல்லன்னா போனதே வேஸ்ட்.

போய் சேந்தாலும் உடனே சறுக்கிற முடியாதுக்கா. அந்த பூட்ஸ் கெட்டி பிளாஸ்டிக், முன்னாடி நாலு பக்கிள், இறுக்கிட்டா கணுக்கால் அசையாது. முதல் நாலு நாள் எங்கள மலைமேல ஏத்திவிடுற லிஃப்ட் பக்கமே விடல. அவ்ளோ நீள ஸ்கீய கால்ல மாட்டிக்கிட்டு நண்டு மாதிரி பக்கவாட்டுல ஒவ்வொரு அடியா வச்சு மேட்டுல ஏறணும், பத்து நிமிஷம் மூச்சு வாங்க ஏறினா இருபது செகண்ட் இறக்கம், அதுலயும் பாதில விழுந்துருவேன், எந்திரிக்கவே அஞ்சு நிமிஷம் ஆகும். ராத்திரி முன்னங்கால் எலும்பு கன்னிப் போயிருக்கும்.

ஆறாவது நாள்தான் அது நடந்துச்சு. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, இறக்கத்த பாத்து பயந்தா உடம்பு தானா பின்னாடி சாயும், சாஞ்சா ஸ்கீயோட முன்பக்கம் பிடிப்பு விட்டுரும், அப்புறம் அது இழுத்த இழுப்புக்குத்தான் நாம போகணும். பயமா இருக்கிறப்போதான் பள்ளத்த பாத்து முன்னாடி சாயணும். வாத்தியார் அஞ்சு நாளா "ஆகே, ஆகே"ன்னு கத்திட்டே இருந்தார், முன்னாடி சாய்னு அர்த்தம், காதுல விழும், உடம்பு கேக்காது. அன்னிக்கு என்னமோ வலது கால்ல முழு வெயிட்டையும் போட்டு முன்னாடி சாஞ்சேன், ஸ்கீ ரெண்டும் சர்ர்ருன்னு பனிய சீவிக்கிட்டு தானா இடது பக்கம் வளைஞ்சுது. ஒரே ஒரு திருப்பம்தான், அடுத்ததுலயே விழுந்தேன், வாய் நிறைய பனி.

நம்ம ஊர் கிணத்துல அப்பா உன் இடுப்புல டியூப் கட்டி எறக்கி விடுவாரே, ஒரு நாள் அவுத்துட்டார், நீ பாட்டுக்கு மிதந்த, வெளிய வந்து ஈரப்பாவாடையோட "இன்னொரு தடவ, இன்னொரு தடவ"ன்னு குதிச்ச. அதேதான்க்கா இது. ஆனா நம்ம கிணத்துல தினமும் தண்ணி இருந்துச்சு. எனக்கு அந்த ஒரு திருப்பம் கிடைச்ச மறுநாள் ஊருக்கு கிளம்பணும், அடுத்த பனிக்கு ஒரு வருஷம். அந்த மிச்சம்தான் என்ன இழுக்குது, பாதில நிறுத்தின கோலம் மாதிரி மனசு அங்கயே நிக்குது.

அங்க உள்ளவங்க நிலைமைய பாத்தா என்னோடது ஒண்ணுமே இல்ல. 2024 ஜனவரில போனேன்ல, சில்லை கலான்னு அவங்க சொல்ற கடுங்குளிர் நாப்பது நாள் அது, இடுப்பளவு பனி இருக்க வேண்டிய புல்வெளி காஞ்சு பழுப்பா கெடந்துச்சு. வாடகைக்கு ஸ்கீ குடுக்கிற கடைக்காரர் வேலையே இல்லாம இருந்தும் தினமும் ஒவ்வொரு ஸ்கீயா எடுத்து மெழுகு தடவி தேச்சு சுவத்துல சாச்சு வச்சார். நான் ஊர் திரும்பி கொஞ்ச நாள்ல பனி வந்துச்சு, வீடியோ அனுப்பினார், ஆபீஸ்ல உக்காந்து பாத்து அழுதேன், உன்கிட்ட சொல்லல.

அதே ஊர்க்காரர்தான் ஸ்கீ வீரர் ஆரிஃப் கான். அவங்க அப்பாவும் அங்க ஸ்கீ கடை வச்சிருந்தவர். 2018 குளிர்கால ஒலிம்பிக்ஸ் பணம் இல்லாம கை நழுவிப் போச்சு, மனுஷன் விடல, கல்யாணத்தையே தள்ளி வச்சுட்டு 2022ல பெய்ஜிங் போனார், இந்தியாவுக்கு அந்த தடவ அவர் ஒருத்தர்தான். ஜயன்ட் ஸ்லாலம்னு கம்பங்கள சுத்தி வளைஞ்சு வளைஞ்சு மலைல இறங்குற பந்தயம், அன்னிக்கு ஒரே பனிப்பொழிவு, நிறைய பேர் முடிக்கவே இல்ல, இவர் முடிச்சார், 45வது இடம். மெடல் இல்லையேன்னு நீ கேப்ப. அவ்வளவு வருஷம் அலைஞ்சவர் அந்த மலைய முழுசா இறங்கி முடிச்சாரேக்கா, எனக்கு அது போதும்.

முட்டிக்கு பிசியோ சொன்ன எக்ஸர்சைஸ் தினமும் காலைல பண்றேன், சத்தியமா. பிப்ரவரிக்கு லீவ் எழுதிக் குடுத்துட்டேன். உனக்கும் டிக்கெட் பாக்கட்டுமா? நீ சறுக்க வேணாம், கேபிள் கார்ல முதல் ஸ்டேஜ் வரைக்கும் சும்மா உக்காந்துட்டு வரலாம். மாமாகிட்ட நான் பேசிக்கிறேன். அம்மாவோட பழைய மெரூன் ஸ்வெட்டர் உன் பீரோலதான இருக்கு, எடுத்து வெயில்ல போட்டு வை.

உன் தங்கச்சி