கன்ட்ரி கிளப் எல்லாம் ஒரே ரகமல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க கோல்ஃப் மைதானங்கள் தண்ணீரைக் குடித்துத் தீர்ப்பதாக உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை அரிசோனா பாலைவனத்துக்குப் பொருந்தும். அயோவா, நெப்ராஸ்கா, கான்சாஸ் சிற்றூர்களில் இருப்பது வேறு ரகம். பகட்டெல்லாம் 'கன்ட்ரி கிளப்' என்ற பெயரோடு சரி. சோள வயலை ஒட்டி ஒன்பது குழிகள். முழு ஆட்டமான பதினெட்டுக் குழி ஆட வேண்டுமானால் அதையே இரண்டு சுற்று வர வேண்டும். பல இடங்களில் ஆளே இருக்கமாட்டார். கட்டணத்தை உறையிலிட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு ஆடலாம்.

இவற்றில் பலவற்றில் குழியைச் சுற்றியுள்ள 'கிரீன்' பரப்புக்குத்தான் முக்கியமாக நீர் பாயும். ஒரு கிரீன் 370 சதுர மீட்டர் என்று வைத்தால் ஒன்பதும் சேர்ந்து ஓர் ஏக்கர்கூட வராது. வாரத்துக்கு 25 மி.மீ. கொடுத்தாலும் சுமார் 83,000 லிட்டர், அதாவது ஏழு லாரித் தண்ணீர். மழை பெய்தால் அதுவும் குறையும். நீர் பாயாத ஃபேர்வே, அதாவது ஆட்டம் தொடங்கும் இடத்துக்கும் கிரீனுக்கும் இடையிலுள்ள புல்வெளி, வானம் பார்த்த பூமி. அங்குள்ள கென்டக்கி புளூகிராஸ் என்ற புல் கோடையில் காய்ந்ததுபோல் உறங்கி, மழை வந்ததும் தானே துளிர்க்கும்.

உண்மையான எதிரி குளிர்காலம். நிலம் உறைவதற்குள் கம்ப்ரசர் காற்றால் குழாய்களைக் காலி செய்யவேண்டும். தெளிப்பான்களை ஒவ்வொன்றாகத் திறந்து, புகைபோல் ஈரம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஓட்டினால், நீரே மசகாக உள்ள பற்சக்கரங்கள் சூடேறிக் கெடும். ஓட்டாமல் விட்டாலோ, வசந்தத்தில் வெடித்த குழாயைத் தேடித் தோண்டவேண்டியதுதான். பனி மூடுமுன் பூஞ்சைக்கொல்லியும் அடிக்க வேண்டும். தவறினால் பனி உருகும்போது கிரீன் முழுக்க வட்ட வட்டமாகச் சாம்பல் திட்டுகள்.

கட்டுரையாளர் தொடாத ஒன்று மணல் கிரீன். நெப்ராஸ்காவிலும் கான்சாஸிலும் இன்றும் சில இடங்களில் புல்லே கிடையாது, தண்ணீரும் வேண்டாம். இந்தியாவில் 'பிரௌன்' என்போமே, அதேதான். வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானத்திலேயே 1935 வரை மணல்தான். பந்து கிரீனில் விழுந்ததும் குழியிலிருந்து அதன் தூரத்தைப் பார்த்துக்கொண்டு, கனமான இரும்புக் குழாயை இழுத்து ஒரு பாதையைச் சமன் செய்வார்கள். அதே தூரத்தில் பந்தை அந்தப் பாதையில் வைத்துத் தட்டலாம். முடிந்ததும் குழியிலிருந்து வெளிநோக்கிச் சுற்றிச் சுற்றிப் பரம்படித்து வைப்பது அடுத்து வருபவருக்கான மரியாதை.

காற்றில் பறக்காதிருக்க மணலில் எண்ணெய் கலப்பார்கள். குறைந்தால் மணல் பறக்கும்; கூடினால் பந்து ஊர்ந்து நிற்கும், செருப்பில் அப்பும். அந்தக் காலத்தில் ஊற்றியது டிராக்டரிலிருந்து வடித்த பழைய என்ஜின் எண்ணெய். தேய்ந்த உலோகத் துகள்கள் அதோடு மண்ணில் இறங்கின. தண்ணீரை விட்டுவிட்டு இந்த எண்ணெயைப் பற்றிக் கட்டுரையாளர் கேட்டிருந்தால் நியாயமாக இருந்திருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்