சிவப்பி செத்த கிழமை மொரோக்கோ வெண்டது

பாரிஸ்
02.01.2023

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அக்காவும் தம்பியும் சுகமா இருக்க வட்டாப்பளை அம்மாளைக் கும்பிடுறன். எங்கட மாடு சிவப்பி செத்துப்போச்சு எண்டு நீங்கள் அழுதழுது அனுப்பின வொய்ஸ் மெசேஜ் டிசம்பர் 10 காலமை வந்தது, மூண்டு கிழமையாச்சு, நான் ஒரு பதிலும் போடேல்ல. கோவிக்காதேங்கோ. கேட்டவுடன என்ன சொல்லுறது எண்டு தெரியேல்ல, பிறகு நாள் போகப்போக எழுத வெக்கமாப் போச்சு. புயலோட வந்த குளிருக்கு முல்லைத்தீவு கிளிநொச்சிப் பக்கமெல்லாம் மாடுகள் விழுந்து கிடந்த படங்களை போனில பாத்தன். எங்கட வன்னியில குளிருக்கு மாடு சாகும் எண்டு ஆரம்மா நினைச்சது.

இங்கயும் அந்தக் கிழமை நல்ல குளிர், நான் ரெண்டு ஜக்கெற் போடுறன், யோசிக்காதேங்கோ. வேலை பரவாயில்லை. சாப்பிட வாற ஆக்கள் குறைவு எண்டு கிழமையில ரெண்டு நாள் குறைச்சிருக்கினம், அது முதுகு ஆற நல்லது, அக்காட்ட சொல்லாதேங்கோ.

அந்த லீவு நாளுகளில மேல்வீட்டு மொரோக்கோ ஐயாவோடதான் வேர்ல்ட் கப் பாத்தது. அவரேதான், நான் போனில காட்டின பச்சைத் தொப்பிக்காரர். மச் நடக்கேக்க கதவைப் பூட்டவே மாட்டார், பூட்டினா தோத்துப்போவினமாம். ஹரீரா எண்டு ஒரு சூப்பு தருவார், கடலை பருப்பு தக்காளி எல்லாம் போட்டு கொத்தமல்லி இலை வாசத்தோட, குளிருக்க அதைக் குடிக்க உங்கட கூழ்தான் ஞாபகம் வரும்.

2022 மாதிரி ஒரு வருஷம் இனி புட்போலில வருமோ தெரியாது. கத்தார் வெயிலுக்கு ஏலாது எண்டு வேர்ல்ட் கப்பையே கார்த்திகை மார்கழிக்குத் தள்ளி வச்சது, சவூதி ஆஜென்ரினாவை 2-1 எண்டு அடிச்சது, அண்டைக்கு தம்பி சாப்பிடேல்ல எண்டு அக்கா சொன்னவ. எனக்கு மட்டும் அந்த வருஷம் எண்டா மொரோக்கோதான்.

6ஆம் திகதி ஸ்பெயினோட மச், 120 நிமிஷமும் கோல் இல்லை, பெனல்ரிக்குப் போச்சு. ஐயாவுக்கு பாக்க நெஞ்சு கேக்கேல்ல, வெளியில படியில போய் சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டார், நான்தான் வாசல்ல நிண்டு என்ன நடக்குது எண்டு சொல்லுறது. ஸ்பெயின் அடிச்ச முதல் பந்து கம்பத்தில பட்டுது, மற்ற ரெண்டையும் மொரோக்கோ கோல்கீப்பர் பூனு மறிச்சிட்டான். கடைசியா ஹக்கீமி வந்தான், மட்ரிட்டில பிறந்த பெடியன், அவன்ர அம்மா அங்க வீடுகள் துடைச்சு வளத்த பிள்ளை, அவன் பந்தை நடுவால மெல்லக் கிள்ளி விட்டான், ஸ்பெயின் கோல்கீப்பர் ஒரு பக்கம் பாய அது நேர உள்ள போச்சு. நான் கத்தின சத்தத்தில ஐயா ஓடி வந்து என்ர தலையை ரெண்டு கையாலயும் பிடிச்சு உச்சியில கொஞ்சினார் அம்மா. இங்க வந்த ஏழு வருஷத்தில ஆரும் எனக்கு அப்பிடிச் செய்ததில்லை.

பிறகு 10ஆம் திகதி. காலமை உங்கட மெசேஜ், பின்னேரம் போர்த்துக்கலோட மச். எனக்குப் போக மனமில்லை, ஐயா கீழ வந்து கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போனார். எந்நெசிரி எம்பித் தலையால அடிச்ச ஒரு கோல்தான், 1-0. ஆபிரிக்காவில இருந்து அரையிறுதிக்கு வந்த முதல் ரீம் அவைதான். அந்த 26 பேரில 14 பேர் வெளியூரில பிறந்த பிள்ளையள். மச் முடிய பூஃபல் எண்டவன்ர அம்மா கிறவுண்டுக்க இறங்கி மகனோட கைகோத்து ஆடினவ, தலையில முக்காடு, முகம் முழுக்கச் சிரிப்பு. என்னால இருக்க முடியேல்ல, எழும்பி ஐயாவின்ர குசினிக்க போய் நிண்டு உங்கட மெசேஜைத் திரும்பப் போட்டுக் கேட்டன். உங்கட குரல் முந்தின மாதிரி இல்லையம்மா, இளைச்சுப்போச்சு. சாப்பிடுறீங்களோ?

பிரான்சோட 2-0 எண்டு தோத்தது நான் வேலையில நிக்கேக்க. வீட்ட வர ஐயாவின்ர கதவு பூட்டிக் கிடந்தது. பைனல் நீங்களும் பாத்திருப்பீங்கள், 3-3 ஆகி பெனல்ரியில மெஸ்ஸி கப் தூக்கினது தம்பிக்குச் சந்தோஷம்தானே. பெலேயும் 29ஆம் திகதி மோசம் போட்டார், 82 வயசு. அப்பா இருந்திருந்தா அண்டைக்கு முழுக்க பெலேயின்ர கதைதான்.

சரி, விஷயத்துக்கு வாறன். அக்கான்ர சங்கிலியை அடகு வைக்க வேண்டாம், இந்த மாசம் குறைவாத்தான் அனுப்பினன், சீட்டு எடுத்தவுடன மிச்சம் வரும். மாங்குளத்து இடம் என்ன மாதிரி எண்டு மாமியட்ட கேட்டு எழுதுங்கோ, சீதனம் பற்றி நீங்கள் முதல் வாய் திறக்காதேங்கோ. தம்பிக்கு பூட்ஸ் லாச்சப்பல் சித்தப்பாட்ட குடுத்து விடுறன், தை கடைசியில வருவார், காலளவு அனுப்பச் சொல்லுங்கோ. மாடு வாங்கேக்க பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ, வேலிச் சண்டையை அதுக்குள்ள கொண்டுவராம. வாங்க முதல் கொட்டிலின்ர வாடைக்காத்துப் பக்கத்தை கிடுகால நிலம் வரைக்கும் மறைச்சுப்போட்டு வாங்குங்கோ. சிவப்பியின்ர கண்டு இப்ப பால் குடிக்குதோ?

உங்கட மகன்