ஓசூர் நண்பனுக்கு: எந்த எம்.பி.ஏ.?

அன்புள்ள செந்தில்,

கடிதம் கிடைத்தது. மகள் எல்.கே.ஜி. சேர்ந்ததும், அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும் படித்து மனசு நிறைந்தது. உன் கேள்விக்கு வருகிறேன். 9 வருஷம் மெயின்டனன்ஸில் இருந்துவிட்டு நிர்வாகப் பக்கம் போக எம்.பி.ஏ. படிக்கலாமா, படித்தால் எதை என்பதுதானே?

கல்லூரிப் பெயரிலிருந்து ஆரம்பிக்காதே. படித்து முடித்ததும் என்ன வேலையில் இருக்க வேண்டும் என்று ஒரு வரியில் எழுதி வை. இதே தொழிற்சாலையில் ஆபரேஷன்ஸ் மேனேஜர் ஆவது ஒரு வழி. துறையையே மாற்றி கன்சல்டிங் போன்ற வேலைக்குப் போவது முற்றிலும் வேறு வழி. முதலாவதற்கு வேலையை விடாமல் வார இறுதியில் படித்தாலே போதும். இரண்டாவதற்கு வளாகத்துக்கு வந்து ஆள் எடுக்கும் நிறுவனங்கள் வேண்டும், அதற்கு முழுநேரப் படிப்புதான். உன் கடிதத்தில் இரண்டு ஆசையும் கலந்து கிடக்கிறது. இதைப் பிரிக்காமல் விண்ணப்பம் போட்டால் நேர்காணலில் முதல் கேள்வியிலேயே தடுமாறுவாய்.

ஐ.ஐ.எம். எனும் இந்திய மேலாண்மைக் கழகங்களின் கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதி (எம்.டெக்குக்கு எழுதும் கேட், அதாவது GATE இல்லை) இரண்டு வருஷ வகுப்பில் சேரும் யோசனையை விட்டுவிடு. அங்கே பெரும்பாலோர் கல்லூரியிலிருந்து நேராகவோ, மிஞ்சினால் மூன்று வருஷ அனுபவத்தோடோ வருபவர்கள். ஆள் எடுக்க வரும் நிறுவனங்களும் அந்த வயதுக்கான வேலையைத்தான் கொண்டுவரும். உன் ஒன்பது வருஷத்துக்கு அங்கே விலை கிடைக்காது, சம்பள இழப்பும் இரண்டு வருஷம்.

அனுபவசாலிகளுக்கென்றே ஓராண்டு முழுநேரப் படிப்புகள் இருக்கின்றன. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் பி.ஜி.பி.எக்ஸுக்குக் குறைந்தது 4 ஆண்டு அனுபவம் வேண்டும். பெங்களூரின் இ.பி.ஜி.பி.க்கும் கல்கத்தாவின் எம்.பி.ஏ.இ.எக்ஸுக்கும் 5 ஆண்டு. ஹைதராபாத், மொஹாலியில் இருக்கும் ஐ.எஸ்.பி.யில் (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) 2 ஆண்டே போதும் என்பதால் அங்கே உன்னைவிட இளையவர்கள் நிறைய இருப்பார்கள். உன் வயதுக்கு முதல் மூன்றும் பொருத்தம் என்பது என் கருத்து.

பணக் கணக்கை நிதானமாகப் பார். இந்தப் படிப்புகளில் பெரியவற்றின் கட்டணம் 30 லட்சத்தைத் தாண்டும். 30 லட்சம் கடன், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள். படிக்கும் ஓராண்டும் அதன்பின் 6 மாதமும் தவணை இல்லை என்றாலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முழுத் தொகையையும் முதல் நாளே வாங்கியதாகக் கொண்டால் அந்த 18 மாத வட்டி 4.5 லட்சம். மொத்தம் 34.5 லட்சத்தை 10 வருஷத்தில் அடைக்க மாதம் ஏறத்தாழ 45,600 ரூபாய். படிக்கும்போதே மாதம் 25,000 ரூபாய் வட்டியை மட்டும் கட்டி வந்தால் தவணை 39,600 அளவுக்கு இறங்கும். உன் மனைவியின் சம்பளத்தில் இது முடியுமா என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். நீ இழக்கும் 14 லட்சம் சம்பளம் இந்தக் கணக்கில் இல்லை. கல்விக் கடன் வட்டிக்கு 8 வருஷம் வருமான வரிக்கழிவு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் இருந்தால்தான். புதிய முறைக்கு மாறியிருந்தால் அந்தச் சலுகையைக் கணக்கில் சேர்க்காதே.

வேலைவாய்ப்பு அறிக்கையில் சராசரிச் சம்பளம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே. நாலைந்து பேருக்குக் கிடைத்த பெரிய தொகை சராசரியைத் தூக்கிவிடும். இடைநிலை, அதாவது வரிசையின் நடுவில் நிற்பவரின் சம்பளம் என்ன, அதில் மாதாமாதம் கையில் வரும் நிலையான பகுதி எவ்வளவு என்று பார். உற்பத்தித் துறையிலிருந்து வந்தவர்கள் எங்கே போனார்கள் என்று பழைய மாணவர் இரண்டு பேரிடமாவது கேள்.

வேலையை விடாத வழி என்றால் ஓசூரில் இருக்கும் உனக்கு அதிர்ஷ்டம்தான். பெங்களூர் ஐ.ஐ.எம். பன்னர்கட்டா சாலையில்தான் இருக்கிறது. அங்கே பி.ஜி.பி.இ.எம். என்ற இரண்டு வருஷ வார இறுதி வகுப்பு நடக்கிறது. சென்னைக்கு மாற்றல் வந்தால் திருச்சி ஐ.ஐ.எம். சென்னையில் நடத்தும் வகுப்பும், சென்னை ஐ.ஐ.டி.யின் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ.வும் உண்டு. இவற்றில் பொதுவாக வளாக வேலைவாய்ப்பு கிடையாது. படித்த படிப்புக்குப் பலன் தர வேண்டியது உன் நிறுவனமே. அதனால் சேருவதற்கு முன் பிளாண்ட் ஹெட்டிடம் நேராகக் கேள்: இரண்டு வருஷத்தில் எனக்கு எந்தப் பொறுப்பு தருவீர்கள்? மழுப்பலான பதில் வந்தால் அதுவும் ஒரு பதில்தான். கட்டணத்தில் பாதியை நிறுவனம் தருவதாகச் சொன்னால் பதிலுக்கு எத்தனை வருஷம் விலகாமல் இருக்க வேண்டும் (பாண்ட்) என்று எழுத்தில் வாங்கு.

ஆன்லைனில் 11 மாதம், பெரிய கல்வி நிறுவனத்தின் பெயர் என்று விளம்பரம் வருகிறதே, அது சான்றிதழ், பட்டம் இல்லை. ஃபைனான்ஸ் அடிப்படை கற்க உதவும், வேலை மாற உதவாது.

முழுநேரம் என்று முடிவெடுத்தால் ஜிமேட் (GMAT) நுழைவுத் தேர்வு எழுது. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவம் இது: 64 கேள்வி, மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். கட்டுரை கிடையாது, ஜியோமெட்ரி கிடையாது. மதிப்பெண் 205 முதல் 805 வரை. 700 எடுக்கணும் என்று உன் அலுவலக நண்பர் சொன்னது பழைய அளவுகோல். அந்த 700க்கு இன்று ஏறத்தாழ 645 தான் இணை. கணிதம் உனக்கு வந்துவிடும். நம்மைப் போன்ற இன்ஜினியர்கள் சறுக்குவது டேட்டா இன்சைட்ஸ் என்ற பகுதியில். அட்டவணை, வரைபடம், நீண்ட பத்தி மூன்றையும் சேர்த்துப் படிக்கச் சொல்வார்கள், நேரம் போய்விடும். தினம் ஒன்றரை மணி நேரம், நாலு மாதம் ஒதுக்கு. மதிப்பெண் 5 வருஷம் செல்லும் என்பதால் அவசரப்படாமல் எழுதலாம்.

விண்ணப்பக் கட்டுரையில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். எந்த மெஷினை எப்படிச் சரிசெய்தோம் என்று ஒரு பக்கம் எழுதுவார்கள். படிப்பவருக்கு வேண்டியது நீ எடுத்த முடிவு: எத்தனை பேரை நடத்தினாய், எத்தனை ரூபாய் செலவுக்குப் பொறுப்பு, எந்த சப்ளையரை ஏன் மாற்றினாய், யார் எதிர்த்தார்கள், அவரை எப்படி ஒப்பவைத்தாய். இன்றைக்கு எழுத இப்படி எதுவும் இல்லை என்றால், முதலில் ஆறு மாதம் உதிரிபாகக் கொள்முதலையோ உன் பிரிவின் பட்ஜெட்டையோ கேட்டு வாங்கிச் செய். எம்.பி.ஏ. போகாவிட்டாலும் அந்த அனுபவம் கையில் நிற்கும்.

பெரும்பாலான ஓராண்டு வகுப்புகள் ஏப்ரல் வாக்கில் தொடங்கும். உன் நோட்டீஸ் காலம் 90 நாள் என்றாய். அப்படியானால் ஜனவரி தொடக்கத்திலேயே ராஜினாமா கொடுக்க வேண்டும், அதற்கு முன்பே இடம் உறுதியாகியிருக்க வேண்டும். எனவே சேர்க்கையின் முதல் சுற்றிலேயே விண்ணப்பி. பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்டுக்கு (எல்லாப் பருவ மதிப்பெண்களின் அதிகாரபூர்வத் தொகுப்பு) இப்போதே எழுதிப் போடு, அது வந்துசேர நாளாகும். பரிந்துரைக் கடிதத்துக்கு இப்போதைய மேலாளரிடம் கேட்டால் விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்று பயந்தால், வேறு பிளாண்டுக்குப் போய்விட்ட உன் பழைய மேலாளரைக் கேள்.

பிளாண்ட் ஹெட்டிடம் பேசிய பிறகு எனக்கு எழுது. கட்டுரை வரைவு தயாரானால் அதையும் அனுப்பு, கோடு போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். அப்பாவைச் சொட்டு மருந்து தவறாமல் போடச் சொல்.

அன்புடன்,
ரவி